நீக்கக் கட்டளை 0 என்று முடிகிறது, ஆனால் பழைய பதிப்பு அப்படியே இருக்கிறது: ஆளில்லா நிறுவலில் உதவி தேவை

கணினிக்காப்பாளர் கேட்கிறார்:

வணக்கம். மூன்று இரவுகளாக ஒரே சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்களிடம் 412 விண்டோஸ் கணினிகள். எல்லாவற்றிலும் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றின் பழைய 32-பிட் பதிப்பு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 64-பிட் பதிப்பை ஏற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் புதியது பழையதன் அமைப்புக் கோப்பைப் படித்துவிட்டு, எப்போதோ மூடிவிட்ட சர்வரைத் தேடுகிறது. ஆகவே பழையது முழுதாக ஒழிந்தே ஆக வேண்டும்.

நான் எழுதிய பவர்ஷெல் ஸ்கிரிப்ட் செய்வது இவ்வளவுதான்: வின்32_புராடக்ட் வகுப்பை (நிறுவிய மென்பொருள்களைப் பட்டியலிடும் விண்டோஸ் வசதி) கேட்டு மென்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும். ரெஜிஸ்ட்ரியின் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் தரவுத்தளம்) அன்இன்ஸ்டால் கிளையிலிருந்து நீக்கக் கட்டளையை எடுக்கும். அதன் வாலில் /க்யூஎன் (திரையில் எதுவும் காட்டாதே என்னும் சுவிட்ச்) சேர்த்து ஓட்டும். பிறகு புதிய பதிப்பின் செட்டப் கோப்பை /எஸ் (கேள்வி கேட்காமல் நிறுவு) கொடுத்து ஓட்டும். என் மேசையில் உட்கார்ந்து பத்து முறை ஓட்டினேன், பத்து முறையும் சரியாக நடந்தது. மேலாண்மைக் கருவி வழியாக இரவு 11 மணிக்கு எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பினேன்.

காலையில் கண்டது: 261 கணினிகளில் வேலை முடிந்திருந்தது. 90 கணினிகள் வெற்றி என்று குறியீடு 0 அனுப்பின, ஆனால் அவற்றில் பழையதும் புதியதும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. 38 கணினிகளில் ஸ்கிரிப்ட் நேர வரம்பு முடியும்வரை அசையாமல் நின்றது. மீதி 23-இல் பிழை: 14-இல் 1618, 9-இல் 1603. இவை போதாதென்று, சரியாக முடிந்தவற்றிலேயே ஐந்து கணினிகள் யாரையும் கேட்காமல் மறுதொடக்கம் ஆகிவிட்டன. அதில் ஒன்றில் மாதக் கடைசிக் கணக்கைத் திறந்தபடி விட்டுப்போயிருந்த ஊழியர் இரண்டு மணி நேர உழைப்பை இழந்தார். அவர் என்னிடம் கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிழை வந்தவற்றை நானே தேடிக் கண்டுபிடித்துவிடுவேன். அந்த 90 மட்டும் எனக்குப் புரியவே இல்லை. நீக்காமலேயே 0 எப்படி வரும்?


இரவுப்பணி எழுதுகிறார்:

முதலில் ஒன்று. நீங்கள் சோதித்தது உங்கள் கணக்கில், மேலாண்மைக் கருவி வழியாக ஓடியது சிஸ்டம் கணக்கில் (விண்டோஸ் தனக்கென வைத்திருக்கும் உள்கணக்கு). இரண்டும் வேறு வேறு உலகம். சிஸ்டம் கணக்குக்கு உங்கள் இசட் டிரைவ் தெரியாது. அதன் எச்கேசியு (பயனருக்கே உரிய ரெஜிஸ்ட்ரிப் பகுதி) உங்களுடையது அன்று. டொமைனில் உள்ள பகிர்வுக் கோப்புறையை அது கணினியின் பெயரில்தான் அணுகும், ஆகவே அந்தக் கோப்புறையில் கணினிக் கணக்குகளுக்குப் படிக்கும் உரிமை இருக்க வேண்டும்.

சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள பிஎஸ்எக்ஸெக் கருவியை -எஸ் கொடுத்து ஓட்டினால் சிஸ்டம் கணக்கிலேயே ஒரு கட்டளைச் சாளரம் கிடைக்கும். இனி எல்லாச் சோதனையையும் அங்கே செய்யுங்கள். மேலாண்மைக் கருவியின் ஏஜென்ட் 32-பிட்டா, 64-பிட்டா என்றும் பாருங்கள். 32-பிட் செயலி ரெஜிஸ்ட்ரியின் சாப்ட்வேர் கிளையைத் திறந்தால் விண்டோஸ் அதை ஓசைப்படாமல் வாவ்6432நோட் (32-பிட் மென்பொருள்களுக்கான தனிக் கிளை) பக்கம் திருப்பிவிடும். இருப்பதை இல்லை என்று சொல்லும்.


பொதிகட்டுநர் எழுதுகிறார்:

இரவுப்பணி சொன்னது முழுக்கச் சரி. நான் பதினாறு ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்துவருகிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எண்களைப் படித்ததும் என் கண் அந்த 90-இல்தான் நின்றது. நின்றுபோனவையும் பிழை காட்டியவையும் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிட்டன. இவை 90-ம் நடக்காததை நடந்ததாகச் சொல்லியிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து நீக்கக் கட்டளையை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எம்எஸ்ஐஎக்ஸெக் (விண்டோஸ் இன்ஸ்டாலரை இயக்கும் கட்டளை) என்பதற்குப் பின்னால் /எக்ஸ் (நீக்கு) இருக்கிறதா, /ஐ (நிறுவு) இருக்கிறதா?

பல எம்எஸ்ஐ பொதிகள் (விண்டோஸ் இன்ஸ்டாலருக்காகக் கட்டிய நிறுவல் கோப்புகள்) அங்கே /ஐ என்றுதான் எழுதிவைக்கின்றன. கையால் சொடுக்கும்போது இதனால் கேடில்லை. மாற்று, சரிசெய், நீக்கு என்று மூன்று தேர்வுகளோடு ஒரு சாளரம் வரும், மனிதர் நீக்கு என்பதை அழுத்துவார், காரியம் முடியும். அதே கட்டளைக்கு நீங்கள் /க்யூஎன் சேர்த்தால் சாளரமும் இல்லை, தேர்வும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் பொருளை ‘நிறுவு’ என்று சொன்னதாகவே ஆகிறது. இருக்கிறதே, செய்ய வேறொன்றும் இல்லையே என்று 0 கொடுத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். அதன் அளவில் அது சரியான விடை. நீங்கள் கேட்ட கேள்விதான் மாறிப்போயிருக்கிறது.

ஆகவே ரெஜிஸ்ட்ரியில் உள்ள கட்டளைச் சரத்தை அப்படியே ஓட்டாதீர்கள். அதிலிருந்து அடைப்புக்குள் இருக்கும் தயாரிப்புக் குறியீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டளையை நீங்களே கட்டுங்கள்: எம்எஸ்ஐஎக்ஸெக், /எக்ஸ், தயாரிப்புக் குறியீடு, /க்யூஎன், /நோரீஸ்டார்ட், பிறகு /எல்*வி கொடுத்து லாக் கோப்பின் பாதை. இதில் ஒன்றைக்கூட விடாதீர்கள். உங்கள் ஐந்து கணினிகள் மறுதொடக்கம் ஆனதற்குக் காரணம் /நோரீஸ்டார்ட் இல்லாததுதான். திரையில் எதுவும் காட்டாதே என்று சொன்ன பிறகு, மறுதொடக்கம் தேவைப்பட்டால் அது யாரிடம் கேட்கும்? கேட்காமலே செய்துவிடும். அந்தச் சுவிட்ச் இருந்தால் 3010 என்ற குறியீட்டைத் திருப்பித் தரும்: வேலை முடிந்தது, மறுதொடக்கம் பாக்கி என்று பொருள். அது தோல்வி அன்று. 1641 வந்தால் மறுதொடக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள். நீக்கும்போது 1605 வந்தால் அந்தப் பொருள் இந்தக் கணினியில் இல்லை என்று பொருள், அதை வெற்றியாகவே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஸ்கிரிப்ட் 0-ஐ மட்டும் வெற்றி என்று கருதினால் பாதி நாள் வெறும் நிழலைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து வின்32_புராடக்ட். இன்றே கைவிடுங்கள். அந்த வகுப்பைக் கேட்ட மாத்திரத்தில் விண்டோஸ் இன்ஸ்டாலர் கணினியில் உள்ள ஒவ்வொரு எம்எஸ்ஐ பொருளையும் சரிபார்க்க ஆரம்பிக்கிறது, குறை தெரிந்தால் பழுதுபார்க்கவும் முனைகிறது. நிகழ்வுப் பதிவில் 1035 என்ற எண் வரிசையாக வந்திருக்கும், பாருங்கள். இருக்கிறதா என்று பார்க்கப்போய் 412 கணினிகளிலும் எல்லாவற்றையும் தொட்டிருக்கிறோம். ஒரே நேரத்தில் ஒரு எம்எஸ்ஐ நிறுவல்தான் நடக்க முடியும், இன்னொன்று நடக்கும்போது போனால் 1618 வரும். உங்கள் 14 கணினிகளில் சில இதனாலேயே மாட்டியிருக்கக்கூடும். ரெஜிஸ்ட்ரியின் 32-பிட், 64-பிட் கிளைகள் இரண்டையும் நேராகப் படித்தாலே போதும், ஒரு நொடியில் விடை கிடைக்கும். 1618 வந்தால் சில நிமிடம் காத்திருந்து மறுபடி முயலச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

நின்றுபோன 38 பற்றி. விஸ்டா காலத்திலிருந்து சிஸ்டம் கணக்கின் சேவைகள் அமர்வு 0-இல் தனியாக ஓடுகின்றன. அங்கே தோன்றும் சாளரம் எந்த மனிதர் கண்ணிலும் படாது. /க்யூஎன் என்பது எம்எஸ்ஐயின் சொந்தச் சாளரங்களை மட்டும்தான் அடக்கும். பொதியைக் கட்டியவர் தன் பங்குக்கு ஒரு துணைநிரலைச் செருகி, ‘மென்பொருள் திறந்திருக்கிறது, மூடிவிட்டுச் சரி என்பதை அழுத்தவும்’ என்று ஒரு பெட்டியைக் காட்டினால் அது காட்டத்தான் செய்யும். அழுத்த ஆளில்லாத அறையில் அந்தப் பெட்டி விடியும்வரை காத்திருக்கும். உங்கள் மேசையில் நீங்கள் மென்பொருளை மூடிவிட்டுத்தானே சோதித்தீர்கள்? திறந்து வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். அந்தப் பெட்டி உண்மையில் வருகிறதென்றால், ஸ்கிரிப்ட் முதலில் அந்தச் செயலி ஓடுகிறதா என்று பார்க்கட்டும். ஓடினால் அன்றைக்கு அந்தக் கணினியைத் தொடாமல் திரும்பிவிடட்டும். செயலியைக் கொன்றுவிட்டு மேலே போகலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மாதக் கடைசிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கும் அந்த ஊழியரை நினைத்தால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

1603 என்பது பொதுவான தோல்விக் குறியீடு, லாக் இல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. லாக்கில் ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்ற சொல்லைத் தேடி, அதற்கு மேலே உள்ள இருபது வரிகளைப் படியுங்கள். விடை பெரும்பாலும் அங்கே இருக்கும்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்தது. நீக்கும் ஸ்கிரிப்டை முதலில் எழுதுங்கள். நிறுவும் ஸ்கிரிப்டைத் தொடுவதற்கு முன்னால். புதிய பதிப்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதை நீக்க வேண்டிய நாள் இன்னும் வரவில்லை என்றாலும்.

எனக்கு இது எப்படி மனதில் பதிந்தது என்று சொல்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு. ஒரு பொருளை நீக்க, அதன் பெயரில் உள்ள ஒரு சொல்லைத் தேடி, அந்தச் சொல் வரும் எல்லாவற்றையும் நீக்கும்படி எழுதினேன். சோதனைக் கணினியில் அந்தச் சொல் ஒரே ஒரு பொருளின் பெயரில்தான் இருந்தது. உண்மைக் கணினிகள் அறுபதில், அதே சொல் தொலைவிணைப்பு மென்பொருளின் பெயரிலும் இருந்தது. அதுவும் போய்விட்டது. கணினிகள் வெவ்வேறு ஊர்களில் இருந்தன. அவற்றை நான் அணுகுவதற்கு இருந்த ஒரே வழியும் அந்தத் தொலைவிணைப்புதான். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, படிப்படியாகச் சொல்லிக்கொடுத்துத் திரும்ப ஏற்ற ஒன்பது நாள் ஆனது. நிறுவல் தவறினால் இல்லாத பொருள் இல்லாமலே இருக்கும். நீக்கம் தவறினால் இருந்த பொருள் போய்விடும். அன்றிலிருந்து பெயரை வைத்து நான் எதையும் நீக்கியதில்லை, தயாரிப்புக் குறியீடு மட்டும்தான்.

நீக்கத்தை முதலில் எழுத உட்கார்ந்தால், நிறுவல் எங்கெங்கே என்னென்ன வைத்தது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. கோப்புறை எது, சேவை எது, திட்டமிட்ட பணி ஏதாவது இருக்கிறதா, தீச்சுவரில் விதி திறந்ததா, பயனரின் கோப்புகள் எங்கே கிடக்கின்றன. அந்தப் பட்டியல்தான் நிறுவல் சரியாக முடிந்ததா என்று பார்ப்பதற்கும் பயன்படுகிறது. செயலி என்ன குறியீடு சொன்னது என்பதை லாக்கில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் தீர்ப்பை அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள்: பழைய தயாரிப்புக் குறியீடு ரெஜிஸ்ட்ரியில் இல்லை, பழைய செயலிக் கோப்பு வட்டில் இல்லை, புதியதன் பதிப்பெண் நாம் எதிர்பார்த்ததுதான். மூன்றும் உண்மையானால் மட்டும் ஸ்கிரிப்ட் 0 சொல்லட்டும். இந்த மூன்று வரிகள் இருந்திருந்தால் உங்கள் 90-ம் முதல் இரவிலேயே பிடிபட்டிருக்கும், புதிய பதிப்பு அவற்றின் மேல் ஏறியிருக்காது.

புதிய செட்டப்புக்கு /எஸ் எங்கிருந்து எடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். செட்டப்பைக் கட்டிய கருவி இன்ஸ்டால்ஷீல்டா, வேறா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.


கணினிக்காப்பாளர்:

ஐயா, இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்று முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன்.

அந்த 90-இல் எட்டைத் திறந்தேன். எட்டிலும் /ஐ. அவற்றில் இருப்பது 7.1, சரியாக முடிந்தவற்றில் இருந்தது 7.2. இடையில் பொதியைக் கட்டும் விதத்தை அவர்கள் மாற்றியிருக்க வேண்டும். என் மேசைக் கணினியில் இருந்தது 7.2. பத்து முறை சோதித்தேன் என்று பெருமையாக எழுதியிருந்தேன், பத்து முறையும் ஒரே பதிப்பைத்தான் சோதித்திருக்கிறேன்.

மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு ஓட்டினால் அந்தப் பெட்டி வருகிறது, நீங்கள் சொன்னதேதான். 1603-களில் லாக்கோடு மறுபடி ஓட்டியதில், முதல் இரவு பாதியில் நின்ற நீக்கம் மென்பொருளின் சேவையை (பின்னணியில் ஓடும் அதன் பகுதி) அழித்துவிட்டது என்று தெரிகிறது. இரண்டாம் முறை அந்தச் சேவையை நிறுத்தப்போய், அது இல்லாததால் துணைநிரல் தோற்றுவிடுகிறது.

புதிய செட்டப் இன்ஸ்டால்ஷீல்ட். /ஆர் கொடுத்து ஒருமுறை கையால் நிறுவி, என் விடைகளைப் பதிவுசெய்த ஐஎஸ்எஸ் கோப்பை /எஸ் உடன் கொடுக்கிறேன். இது போதுமா?


பொதிகட்டுநர்:

போதும், ஆனால் அந்தப் பதிவு ஒரே ஒரு பாதையைத்தான் அறியும். பதிவுசெய்த கணினியில் என்னென்ன சாளரங்கள் எந்த வரிசையில் வந்தனவோ அவை அதே வரிசையில் வர வேண்டும். பழைய பதிப்பு மிச்சம் இருந்து ‘மேம்படுத்தவா?’ என்று ஒரு சாளரம் கூடுதலாக வந்தாலே வரிசை குலைந்துவிடும். செட்டப் லாக்கில் ரிசல்ட்கோடு -12 என்றால் வரிசை மாறிவிட்டது, -3 என்றால் ஒரு சாளரத்துக்கான விடையே கோப்பில் இல்லை. பழையது முழுதாக நீங்கியதை உறுதிசெய்த பிறகே இதை ஓட்டுங்கள். நீக்கத்துக்குத் தனியாக இன்னொரு பதிவு வேண்டும், நிறுவிய பதிவை வைத்து நீக்க முடியாது. அதையும் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.

1603 வந்த ஒன்பதுக்கும் சேவையைப் போலியாக உருவாக்கிவிட்டு நீக்கத்தை மறுபடி ஓட்டலாம். வெற்றுச் சேவை ஒன்று அதே பெயரில் இருந்தால் போதும், துணைநிரல் அதை நிறுத்தப்பார்க்கும், கடந்துபோகும். எம்எஸ்ஐ தரவைக் கையால் அழிக்கப்போகாதீர்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் கோப்புறையில் எதையும் தொடவே கூடாது. நீக்கத்துக்கு வேண்டிய எம்எஸ்ஐ நகல் அங்கேதான் இருக்கிறது, போய்விட்டால் 1612 வரும்.


தரவுத்தளம்19 எழுதுகிறார்:

நான் லினக்ஸ் சர்வர் பக்கம். ஆனால் ‘நீக்கத்தை முதலில் எழுது’ என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, எங்களுக்கும் வலி அதே இடத்தில்தான்.

ஆரக்கிள் தரவுத்தளத்தை -சைலன்ட் சொல்லி, பதில் கோப்பு (கேள்விகளுக்கு விடைகளை முன்பே எழுதிவைத்த கோப்பு) கொடுத்து நிறுவுவது எளிது. 19-ஆம் பதிப்பில் எச்சரிக்கையோடு முடிந்தால் குறியீடு 6 வரும், அதைத் தோல்வி என்று எண்ணித் திரும்ப ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ரூட் உரிமையில் ஓட்ட வேண்டிய ஸ்கிரிப்ட் தனி, அதைத் தானியங்கி வேலையில் சேர்க்க மறந்தால் பாதி நிறுவல்தான். துன்பம் நீக்கும்போது வருகிறது. ஹோம் கோப்புறையை (ஆரக்கிளை நிறுவிய இடம்) ஆர்எம் கட்டளையால் அழித்துவிட்டு முடிந்தது என்று போய்விடுகிறார்கள். மைய இன்வென்டரியில் (நிறுவியவற்றின் பதிவேடு) உள்ள எக்ஸ்எம்எல் கோப்பில் அந்த ஹோம் உயிரோடு இருக்கிறது. அடுத்த மாதம் அதே பாதையில் நிறுவப்போனால் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்துவிடும். அதற்கென்று உள்ள டீஇன்ஸ்டால் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக் கூடாது, அந்த ஹோமோடு இணைந்த தரவுத்தளங்களையும் அது எடுத்துவிடும். முதலில் -செக்ஒன்லி கொடுத்தால் எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று பதில் கோப்பாக எழுதித்தரும். அதை ஒரு மனிதர் உட்கார்ந்து படித்த பிறகு, அதே கோப்பைக் கொடுத்து அமைதியாக ஓட்டலாம். முழுத் தானியக்கம் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டாலும், அந்தப் படிக்கும் படியை நான் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆர்பிஎம் (ரெட் ஹேட் வகை லினக்ஸின் பொதி வடிவம்) பொதி கட்டுபவர்களுக்கு ஒரு சொல். மேம்படுத்தும்போது புதியது ஏறிய பிறகுதான் பழையதன் நீக்க ஸ்கிரிப்ட் ஓடும். அதற்கு வரும் எண் 1 என்றால் மேம்பாடு, 0 என்றால் உண்மையான நீக்கம். அந்த எண்ணைப் பார்க்காமல் ‘சேவையை நிறுத்து’ என்று எழுதினால், புதிய பதிப்பு ஏறி ஓடத் தொடங்கிய சேவையைப் பழையதன் கை வந்து நிறுத்திவிடும். உபுண்டு, டெபியன் பக்கம் நான்இன்டராக்டிவ் என்று சூழல்மாறி வைத்துவிட்டால் கேள்வியே வராது என்று நம்புகிறார்கள். நாம் திருத்திய அமைப்புக் கோப்பை மாற்றவா என்று கேட்பது டீபிகேஜி என்னும் பொதி நிறுவும் கருவி, அதற்கு அந்த மாறி பொருட்டன்று. ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப், ஃபோர்ஸ்-கான்ஃபோல்டு இரண்டையும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

பதில் கோப்பில் கடவுச்சொல் இருந்தால் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அதே கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் கொடுத்தால் லாக்கில் தங்கிவிடும் என்பதையும் கவனியுங்கள்.


கணினிக்காப்பாளர்:

பத்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன், தேடிப் படிப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

நீக்கத்தைத் தனி ஸ்கிரிப்டாக எழுதினேன். 7.1, 7.2 இரண்டின் தயாரிப்புக் குறியீடும் அதில் இருக்கின்றன, பெயரைத் தேடும் வரி எங்கும் இல்லை. பிஎஸ்எக்ஸெக் வழியாகச் சிஸ்டம் கணக்கில், இரண்டு பதிப்புகளிலும், மென்பொருள் திறந்திருந்தும் மூடியிருந்தும் ஓட்டிப் பார்த்தேன். முதல் நாள் 5 கணினிகள், அடுத்து 40, பிறகு மீதி. மென்பொருள் திறந்திருந்த கணினிகள் அன்றிரவு தொடப்படாமல் அடுத்த இரவுக்குத் தள்ளிப்போயின. அப்படி நான்கு இரவுகளில் எல்லாம் தீர்ந்தன. பழையதும் புதியதும் சேர்ந்திருந்த 90-இல் மட்டும் முதலில் புதியதை நீக்கி, பிறகு பழையதை நீக்கி, மறுபடி புதியதை ஏற்ற வேண்டியிருந்தது. நீக்கப் பதிவு முன்பே கையில் இருந்ததால் அதுவும் ஒரே இரவில் முடிந்தது. வெற்றுச் சேவை வழி ஒன்பதில் எட்டில் பலித்தது. ஒன்பதாவதை நானே போய் உட்கார்ந்து சரிசெய்தேன்.

3010 காட்டியவை 57. அவற்றுக்கு மதிய இடைவேளையில் மறுதொடக்கம் செய்துகொள்ளும்படி எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பினேன். அந்த ஊழியரிடம் நேரில் போய்ச் சொன்னேன்.